தகரப் பெட்டிக்குள் தேன்குழல்

கேள்வி: வீட்டுப் பின்கட்டில் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் சுட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். மூன்று பெண்கள் உட்கார்ந்து பாக்கெட் போட இடம் போதாமல் பழைய இருபது அடி கன்டெய்னர் ஒன்றை வாங்கித் தோட்டத்தில் இறக்கியிருக்கிறோம். சித்திரையில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஏர்கூலர் போதும் என்கிறான் மகன். கடைக்காரர் இரண்டு டன்னில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏசி போடச் சொல்கிறார். எதை வாங்கட்டும் தம்பி?
– பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க ஆச்சி. முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம்.

ஹாட் அண்ட் கோல்டு வேண்டாம். மார்கழி விடியலில்கூட நம்ம பக்கம் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்குச் சுடுகாற்று விடும் மெஷினா? கூடுதல் காசு கடைக்காரருக்குத்தான் கதகதப்பு.

ஏர்கூலரும் வேண்டாம். கத்திரி வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்தால் கூலர் நன்றாகவே குளிரும். எங்க வீட்டிலேயே ஒன்று ஓடுகிறது. ஆனால் அது தண்ணீரைக் காற்றில் ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. அந்த ஈரம் எங்கே போகும்? உங்க தேன்குழலுக்குள் போகும். காலையில் மொறுமொறுவென்று தட்டில் கொட்டியது சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக் குழாய் வழியே வெளியே சொட்ட விடும். உங்க தொழிலுக்கு அதன் குளிர்ச்சியைவிட அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் லாபம்.

அப்படியானால் ஏசியை இன்றே மாட்டிவிடலாமே என்பீங்க. ஒரு கணக்கைப் பாருங்க. பெட்டியின் கூரை இருபதுக்கு எட்டு, 160 சதுர அடி. ஏறத்தாழ 15 சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1000 வாட் கொட்டும். ஆகக் கூரை மேல் மட்டும் 15 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளுவதோ மூன்றரைதான். (டன் என்றதும் மெஷினின் எடை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த அளவுக்குப் பெயர்தான் ஒரு டன்.) கொட்டுகிற வெயில் அத்தனையும் உள்ளே வராது, காற்று கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். இருந்தாலும் அந்தத் தகரத்தின் கனம் இரண்டு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். உங்க வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் அடுக்கடுக்கான நாட்டோடும் சூட்டை உள்ளே விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தகரத்துக்கு அந்தப் பொறுமை ஏது?

இதை நானும் அடிபட்டுத்தான் கற்றேன். புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலையில், கன்டெய்னர் ஆபீசுக்கு ஒன்றரை டன் ஏசி மாட்டினேன். உள்ளே வெறும் தகரம். மதியம் மூன்று மணிக்குக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, கணக்கப்பிள்ளை அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் அதைவிட மோசம். ராத்திரி பூட்டிவிட்டுப் போனால் தகரம் சில்லிட்டு, உள்ளே அடைபட்ட ஈரமெல்லாம் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, விடிவதற்குள் பேரேட்டின் மேல் சொட்டிவிட்டது. மை கரைந்த பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார் கணக்கப்பிள்ளை. ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் வெயிலை வெளியிலேயே நிறுத்துங்க. பெட்டிக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுங்க. ஷீட் போதும், நாலு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி நிற்கட்டும். நடுவில் காற்று ஓட வேண்டும். அந்தக் கூரையின் பாரத்தை நாலு மூலைத் தூண்களில் இறக்கச் சொல்லுங்க. கன்டெய்னரின் பலமே மூலையில்தான், நடுத்தகரம் தாங்காது. கீற்று குளுமைதான், ஆனால் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். பெட்டியின் மேலே வெள்ளைக் கூல்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். இன்னும் கிரேன் கூப்பிட முடியுமானால், நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கிற மாதிரித் திருப்பி வையுங்க. சாயங்கால மேற்கு வெயில் குட்டைப் பக்கத்தில் மட்டும் விழும்.

உள்ளே சுவரிலும் கூரையிலும் 50 மில்லிமீட்டர் பஃப் (சூட்டைத் தடுக்கும் பாலியூரிதேன் நுரைப்பலகை). தகரத்தோடு ஒட்டி, இணைப்புகளில் டேப் போட்டு, இடுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். இடுக்கு விட்டால் பின்னால் ஈரம் கோத்துத் துரு ஏறும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு மேல் சிமென்ட் போர்டு. ஜன்னல் வெட்டுவது, கம்பி வைப்பது என்று வெல்டிங் வேலை அத்தனையும் பஃபுக்கு முன்னாலேயே முடிந்திருக்கணும். ஒரு பொறி போதும், பஃப் பற்றிக்கொள்ளும்.

பழைய கன்டெய்னரின் தரைப்பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் அடித்த தகட்டிலேயே அந்த விவரம் இருக்கும். தின்பண்டம் வைக்கிற இடம், அதனால் பலகையைக் கழற்றிப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்படுவீங்க; பலகை அசைந்தால் கல் விட்டுப்போகும், வினைல் விரிப்பு போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை). இரண்டு டன் வேண்டாம்: சீக்கிரம் குளிர்ந்து சுருண்டுகொள்ளும், ஈரத்தைச் சரியாக இழுக்காது. வெளி யூனிட்டை வடக்குச் சுவரில் மாட்டுங்க. 26-இல் வைத்து ஒரு ஃபேனும் சுழலட்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. மூன்று பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிற இடம், சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்து அவ்வப்போது ஓட விடுங்க. அடுப்பு மட்டும் பின்கட்டைவிட்டு நகரவே கூடாது.

கரன்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் ஆச்சி. தகர விளிம்பில் வயர் உரசித் தோல் கிழிந்தால் அறை முழுக்க ஷாக். வயர் நுழையும் ஓட்டைக்கெல்லாம் ரப்பர் வளையம், பெட்டிக்குத் தனி எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). நம்ம சரளை மண் கோடையில் காய்ந்துவிடும், எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்க.

கேள்வி: கொடைக்கானல் தோட்டத்தில் இதே மாதிரி இரும்புக் கேபின் வைத்திருக்கிறேன். ராத்திரிக் குளிருக்குக் கரி அடுப்பு வைக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: கூடவே கூடாது அண்ணே. மூடிய பெட்டிக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நாற்றம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஆச்சிக்கு வேண்டாம் என்றேனே, அந்த ஹாட் அண்ட் கோல்டு ஏசி உங்களுக்குத்தான். ரூம் ஹீட்டர் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டையும் இழுத்து வருவதால் ஏறத்தாழ மூன்று யூனிட் தரும். பஃப் உங்களுக்கும் வேண்டும், அங்கே சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ள. கரி மூட்ட ஆசையென்றால் வாசலில் மூட்டி உட்கார்ந்து பேசுங்க. படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றி அணைத்து, அடுப்பை வெளியிலேயே விட்டுட்டு வாங்க.