வாத்துக்கு வீடு கட்டினவங்க – கடிதம்

வணக்கம் சார். ஆஸ்லோவுல வேலை பாக்கறேன். மே மாசம் நார்வே வடக்குல இருக்கற ஹெல்கலாண்ட் கடற்கரைக்கு போக பிளான். டோர்க்ஹாட்டன் மலையையும் வேகா தீவுகளையும் ஒரே நாள்ல முடிக்கலாமா? இன்னொண்ணு, வேகாவுக்கு யுனெஸ்கோ அந்தஸ்து வந்ததே வாத்தாலதான்கறாங்க, அப்ப ஏன் இயற்கைன்னு போடாம கலாச்சாரப் பட்டியல்ல வச்சிருக்காங்க? பாவம், ஒரு பறவையோட இறகை பிடுங்கி மெத்தை பண்றதுல என்ன சார் கலாச்சாரம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளா இதே விஷயம்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு, சரியா உங்க கடிதம் வந்து நிக்குது. டோர்க்ஹாட்டன்ல மலைக்கு நடுவுல 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஓட்டை, பனியும் கடலும் குடைஞ்சது, ஏறிப் பாருங்க, நல்லா இருக்கும். படகு டைமிங்லாம் என்கிட்ட கேக்காதீங்க, போன்ல இருக்கு.

ஆனா பிடுங்கறாங்கன்னு யாரு சொன்னா உங்களுக்கு? ஈடர் வாத்து முட்டைக்கு சூடு வேணும்னு தன் நெஞ்சு இறகைத் தானே எடுத்து கூட்டுல பரப்பும், 25 நாள் சொச்சம் அடைகாத்து, குஞ்சுங்களைக் கடலுக்கு கூட்டிட்டுப் போயிரும், அதுக்கப்புறம் கூட்டுல கிடக்கறதைத்தான் ஆளுங்க எடுக்கறாங்க. ஒரு போர்வைக்கே சுமார் 60 கூடு வேணும். அது காட்டுப் பறவை தம்பி, அதட்டி வேலை வாங்க முடியாது, பிடிக்கலன்னா அடுத்த வருஷம் வேற தீவுக்கு போயிட்டே இருக்கும். அதனால வசந்தம் வரும்போதே கடல்பாசியை அள்ளி காயவச்சு, கல்லையும் கரை ஒதுங்கின கட்டையையும் வச்சு குட்டி குட்டியா வீடு கட்டி, உள்ள அந்தப் பாசியைப் பரப்பி வைக்கணும், அப்புறம் காக்கா, கடல்கழுகு, நீர்நாய், ரோமப் பண்ணைல இருந்து தப்பிச்சு வந்த மிங்க்ங்கற கீரி மாதிரி பிராணி எல்லாத்துக்கிட்ட இருந்தும் காவல், பறவை வந்துட்டா தீவுல யாரும் சத்தம் போட்டுக்கூட பேச மாட்டாங்க.

இதையெல்லாம் செஞ்சது யாரு? ஆம்பளைங்க இன்னும் வடக்கே லொஃபோட்டன் தீவுங்க பக்கம் காட் மீன் பிடிக்க போயிருவாங்க. வீடு, மாடு, வயல், வாத்து எல்லாம் பெண்கள் தலையில. இறகுல சிக்கின பாசித் தூளை, நரம்பு கட்டின சட்டத்துல உரசி உரசி சுத்தம் பண்றதும் அவங்கதான், உங்க பெரிய ஹோட்டல் தலகாணி மாதிரி மெஷின்ல ஓட்டற வேலை இல்ல அது. 2004ல யுனெஸ்கோ வேகாவைச் சேத்தப்போ அந்தப் பெண்களோட பங்கை தனியா குறிப்பிட்டே சொல்லுச்சு. கோட்டை கட்டினவன் பேரை எத்தனை கல்வெட்டுல படிச்சிருக்கோம், பாசி காயவச்சவளை எவன் எழுதினான்? பட்டியல் இயற்கையா கலாச்சாரமான்னு நீங்க குடையறீங்க, ஆள் இல்லாட்டி வாத்து குறைஞ்சு போகுது, வாத்து இல்லாட்டி அந்த மொட்டைப் பாறைல ஆளுக்கு என்ன வேலை, இதை எந்தக் கத்தியால ரெண்டா வெட்டுவீங்க?

வெளித் தீவுகள்ல வருஷம் பூரா இருந்த குடும்பங்க போன நூற்றாண்டுலயே காலி பண்ணிட்டாங்க. இப்பவும் சில பேர் வசந்தத்துல திரும்பிப் போய் பாசி காயவைக்கறாங்க, அதனாலதான் அங்க ஏதோ மிச்சம் இருக்கு, யுனெஸ்கோ போர்டு நட்டதால இல்ல.

மே மாசம்னா வாத்து கூட்டுல உக்காந்திருக்கும். நீங்களா போட் எடுத்துட்டு வெளித் தீவுக்கு கிளம்பிராதீங்க, ட்ரோன் இருந்தா ஆஸ்லோவுலயே பூட்டி வச்சிடுங்க. வேகாவுல 2019ல திறந்த உலகப் பாரம்பரிய மையம் இருக்கு, முதல்ல அங்க போங்க. ஒரு நாள் பத்தாது, லீவைக் கூட்டிப் போடுங்க.