அலுமினியத்தில் துளையிடும்போது டிரில் ஏன் சீக்கிரம் மொக்கையாகிறது? துளை ஏன் அளவுக்கு மேல் வருகிறது?

டிரில் மொக்கையாகிறது, துளை 0.1 மி.மீ. வரை பெரிதாக வருகிறது, சுவரில் கோடு கோடாகக் கீறல் என்று கேட்டிருக்கிறீர்கள். அலாய் எண் சொல்லவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வருவதால் 6061 அல்லது 6082 மாதிரி அலாய், எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டிரில், வெளியிலிருந்து ஊற்றும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டை-காஸ்டிங் (உருக்கி அச்சில் அழுத்தி வார்த்தது) என்றால் விஷயமே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த அலாய்களில் டிரில் உண்மையில் தேய்வது குறைவு. அலுமினியம் வெட்டும் விளிம்பில் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம். சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகம் விளிம்பின் மேல் படிந்து, அதுவே ஒரு பொய் விளிம்பாகி வெட்ட ஆரம்பிக்கும். இதைத்தான் பில்ட்-அப் எட்ஜ் என்கிறோம். இரண்டு விளிம்பிலும் அது சமமாகப் படியாது. ஒரு பக்கம் நீண்டு, டிரிலின் உச்சி மையத்திலிருந்து விலகியது போலாகிவிடும். உச்சி 0.05 மி.மீ. விலகினாலே துளை 0.1 வரை பெரிதாகலாம். ஒட்டியது அவ்வப்போது பிய்ந்து சுவரோடு உரசிக்கொண்டே மேலே வரும். உங்கள் கீறல் அதுதான். ஆகவே புது டிரில் வாங்கும் முன் பழையதைப் பாருங்கள்.

10 மடங்கு லென்ஸில் வெட்டும் விளிம்பின் வெளி மூலையைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னும் மேடு இருந்தால் அது ஒட்டல். விளிம்புக்குப் பின்னால் சீரான, மங்கலான சாம்பல் பட்டை இருந்து மூலை உருண்டிருந்தால் அது தேய்மானம். ஒட்டல் தேய்மானத்தை மறைத்துவிடும் என்பதால், சந்தேகமிருந்தால் அதைக் கரைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீரை எடுத்து, அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 5 முதல் 10 சதவீதக் கரைசல் செய்யுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கோட்டிங் இல்லாத டிரிலின் முனையை மட்டும் முக்கினால் குமிழி கிளம்பும். குமிழி நின்றால் அலுமினியம் போய்விட்டது. கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளம்புவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுகிறவர்களுக்கு இந்த முறை பிடிக்காது. ஆனால் சுரண்டினால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் பொடிந்து, அடுத்த ஒட்டல் அங்கேதான் தொடங்கும்.

இனி ஒட்டாமல் இருக்க. முதல் தவறு ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டிரில் உள்ளே இறங்கும் தூரத்தை, குறைப்பது. டிரில் உடையுமோ என்ற பயத்தில் 6 மி.மீ. டிரிலுக்கு சுற்றுக்கு 0.03 வைத்தால் அது வெட்டாது, தேய்க்கும். சூடு ஏறும், சிப் (வெட்டுப்பட்டு வரும் உலோகச் சுருள்) நீளநீளமாக நூல்போல் வந்து டிரிலைச் சுற்றிக்கொள்ளும். எச்எஸ்எஸ்-க்கு விட்டத்தில் 2 சதவீதத்தை சுற்றுக்கான ஃபீடாக வைத்துத் தொடங்குங்கள்: 6 மி.மீ.க்கு 0.12, 10 மி.மீ.க்கு 0.2. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 90 மீட்டர். 75 மீட்டர் என்றால் 6 மி.மீ. டிரில் சுமார் 4000 ஆர்பிஎம்-இல் ஓட வேண்டும், ஃபீடு நிமிடத்துக்கு 480 மி.மீ. "எங்கள் மெஷினில் அவ்வளவு ஆர்பிஎம் கிடையாது" என்பவர்கள் உண்டு. ஆர்பிஎம் குறைந்தால் குறையட்டும், சுற்றுக்கான ஃபீடை மட்டும் குறைக்காதீர்கள். துளையின் அடியில் டிரிலை நிறுத்திச் சுற்ற விடுவதும் அதே தேய்ப்புதான்.

இரண்டாவது, கோட்டிங். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் எஃகுக்கு அருமையானது. அலுமினியத்துக்கு வேண்டாம், அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் இருக்கிறது, ஒட்டலை அது கூட்டும். சிப் போகும் பள்ளம் பளபளவென்று பாலிஷ் செய்த, கோட்டிங் இல்லாத டிரிலே போதும். கோட்டிங் வேண்டுமென்றால் சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு, டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) இவற்றில் ஒன்று. ஆழமில்லாத துளையில், நல்ல கூலன்ட்டில் எந்தக் கோட்டிங்கும் ஓடத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆழம் விட்டத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஹெலிக்ஸ் கோணம் (சிப் பள்ளம் சுற்றிச் செல்லும் சாய்வு) 35 முதல் 40 டிகிரி இருந்தால் சிப் தானாக மேலே ஏறும். அந்த ஆழத்துக்கு மேல் எச்எஸ்எஸ் டிரிலை முழுதாக வெளியே எடுத்து எடுத்துப் போடுங்கள், சிஎன்சி-யில் இதற்கான கட்டளை ஜி83. டிரிலுக்குள்ளேயே கூலன்ட் வரும் கார்பைடு (எச்எஸ்எஸ்-ஐ விடக் கடினமான பொருள்) டிரிலுக்கு நேர்மாறு: ஒரே மூச்சில் இறக்க வேண்டும். எடுத்து எடுத்துப் போட்டால் உள்ளே விழுந்த சிப் மேல் மூலை மோதிப் பொடியும்.

தண்ணீரில் கலக்கும் கூலன்ட் எண்ணெய் 8 முதல் 10 சதவீதம். நிறத்தைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (கலவையின் செறிவை ஒளியால் அளக்கும் கருவி) காட்டும் எண்ணை, கேனில் போட்டிருக்கும் பெருக்கு எண்ணால் பெருக்கினால்தான் சரியான அளவு. மண்ணெண்ணெய் போதும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். அது ஒட்டலைத் தடுக்கும், உண்மை. ஆனால் சூட்டைச் சரியாக எடுக்காது, தீப்பற்றும்.

டை-காஸ்டிங்கில் நடப்பது இதற்கு எதிர். ஏடிசி12-இல் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம், ஏ390-இல் 16 முதல் 18. அந்தச் சிலிக்கான் துகள் எச்எஸ்எஸ்-ஐ விடக் கடினமானது. டிரிலை உப்புத்தாள் மாதிரி அராவிவிடும். இங்கே மூலை உண்மையாகவே தேயும், வேகத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாகத் தேயும். கார்பைடு குறைந்தபட்சத் தேவை. ஏ390-இல் நிறைய துளைகள் என்றால் பிசிடி (செயற்கை வைரத் துகளால் ஆன முனை) அல்லது வைரக் கோட்டிங். தேய்ந்த டிரிலைச் சாணை பிடிக்கும்போது முனையை மட்டும் தொட்டுவிட்டு விடாதீர்கள். பக்கவாட்டு மார்ஜினில் (துளைச் சுவரைத் தொடும் ஒடுங்கிய பட்டையில்) தேய்ந்த பகுதி முழுவதும் போகும்வரை நீளத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டிரில் துளைக்குள் இறுகிக் கிறீச்சிடும்.

அளவு எடுப்பதிலும் ஏமாறலாம். அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். ஜாப் அறை வெப்பத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் 10 மி.மீ. துளை 0.0115 மி.மீ. பெரிதாகக் காட்டும். 10 மி.மீ. எச்7-இன் (எச்7 என்பது துளையின் துல்லியத் தரம், எண் சிறிதானால் துல்லியம் அதிகம்) மொத்த டாலரன்ஸே, அதாவது அனுமதித்த ஏற்றஇறக்கமே, 0.015. சூட்டில் சரியாக இருந்தது ஆறியபின் பிளக் கேஜை (துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் அளவு உருளை) உள்ளே விடாது. இன்னொன்று, இரண்டு விளிம்பு டிரில் பெரும்பாலும் மூன்று மூலை உருண்டையாகத்தான் துளை போடும். எதிரெதிரே இரண்டு புள்ளி தொடும் வெர்னியர் அதைக் காட்டாது. மூன்று புள்ளி போர் கேஜ் அல்லது பிளக் கேஜ் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். போல்ட் சும்மா நுழைந்து போகும் துளைக்குக்கூட எச்7 என்று டிராயிங்கில் போடுகிறார்கள். டிரில் தரக்கூடியது எச்எஸ்எஸ்-இல் எச்11, எச்12, நல்ல கார்பைடில் எச்9 அளவுதான். எச்7 என்று எழுதிய கணமே அங்கே ரீமர் (துளையைச் சற்றே பெரிதாக்கித் துல்லியமாக்கும் கருவி) வேலை சேர்ந்துவிட்டது. அதற்கு நேரமும் தராமல், ஆபரேட்டருக்குக் கை சரியில்லை என்று எழுதி அனுப்புவது அநியாயம். அந்தத் துளை நிஜமாகவே டவல் பின்னுக்கு (இரு பாகங்களை இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசி) என்றால் 10 மி.மீ.க்கு 9.7 அல்லது 9.8 டிரில் போட்டுவிட்டு ரீமர் விடுங்கள். 0.05 மட்டும் விட்டால் ரீமர் வெட்டாமல் அழுத்தித் தேய்க்கும், அங்கேயும் ஒட்டல்தான்.

மாற்றங்களைச் செய்யும்போது டிரிலின் ரன்அவுட்டை (சுழலும்போது மையம் விலகி ஆடுவதை) டயல் கேஜில் பாருங்கள். 0.02-க்கு மேல் இருந்தால் டிரிலைப் பிடிக்கும் கோலெட்டைத் துடைத்து மாட்டுங்கள். பிறகு டிரில் வெளியேறும் பக்கத்துப் பிசிறைக் கவனியுங்கள். துளை அளவு மாறுவதற்கு முன்பே பிசிறின் உயரம் கூடத் தொடங்கும். டிரிலை மாற்ற வேண்டிய நேரத்தை அதை வைத்தே முடிவு செய்யலாம். பிசிறு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தால் அடியில் ஒரு பலகையை இறுக்கமாக ஒட்டிக் கட்டி, கடைசி 1 மி.மீ.யில் மட்டும் ஃபீடைப் பாதியாக்குங்கள். ஃபீடைக் குறைக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் அது.