ஆறு மாதமாக ரேஞ்சில் அடித்தும் பந்து வலது பக்கமே வளைகிறது. கோல்ஃப் ஸ்விங்கை எப்படித் திருத்துவது?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: வலது கைக்காரர், கல்லூரி வரை கிரிக்கெட் ஆடியவர். வாரத்துக்கு மூன்று நாள் டிரைவிங் ரேஞ்ச் (பந்தடித்துப் பழகும் இடம்), ஒவ்வொரு முறையும் நூறு பந்து. யூடியூபில் பார்க்காத வீடியோ இல்லை. அயன் (இரும்புத் தலை கிளப்) சுமாராகப் போகிறது, டிரைவரை (தூரமாக அடிக்கும் நீளக் கிளப்) எடுத்தால் ஸ்லைஸ், அதாவது பந்து வலது பக்கம் வளைந்து ஓடுகிறது. புது டிரைவர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். காசைப் பத்திரமாக வையுங்கள், அந்த டிரைவர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் உழைப்பில் குறையே இல்லை. ஒரே தப்பை நூறு முறை ஒத்திகை பார்த்தால் அந்தத் தப்பில்தான் தேர்ச்சி வரும். ஒவ்வொரு வீடியோவும் ஸ்விங் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: இடுப்பு இங்கே, முழங்கை அங்கே, மணிக்கட்டு இப்படி. பந்துக்கு இதெல்லாம் தெரியாது. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லி விநாடி. அந்த நேரத்தில் கிளப்பின் ஃபேஸ் (பந்தில் படும் முகம்) எங்கே பார்க்கிறது, கிளப் எந்த வழியில் போகிறது, பந்து ஃபேஸின் எந்த இடத்தில் படுகிறது, கிளப் தரையை எங்கே தொடுகிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதோடு கணக்கு முடிந்தது. வேகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்திருப்பீர்கள். கிளப் மேலே போகும்போது ஒரு வழி, கீழே வரும்போது சுற்றிக்கொண்டு வேறொரு வழி. நம் ரேஞ்சில் யாராவது அப்படி அடித்தால் பக்கத்து விரிப்பில் நிற்பவர் அறிவுரை சொல்ல வந்துவிடுவார். அந்த ஸ்விங்கோடு அவர் 2003 யு.எஸ். ஓப்பனை வென்றார், 2016ல் பிஜிஏ டூர் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டியில் ஒரு சுற்றைப் பந்தை 58 முறை மட்டுமே அடித்து முடித்தார். நம் ஊரிலும் உதாரணம் உண்டு. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக (ஆட்டக்காரரின் கிளப் பையைச் சுமப்பவர்) இருந்த அலி ஷேர் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தே பழகியவர். இந்தியன் ஓப்பனை 1991லும் 1993லும் வென்றார். பந்து படும் அந்த ஒரு கணம் இவர்களுக்குச் சரியாக இருந்தது.

ஆகவே உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தையும் தரையையும் படியுங்கள். அடுத்த முறை பந்து எங்கே விழுகிறது என்று பார்க்காமல், எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். கிளப் போகும் வழியில்தான் பந்து கிளம்பும் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் வைத்து அளக்க ஆரம்பித்த பிறகு அது தப்பு என்று தெரிந்தது. கிளம்பும் திசையைப் பெரும்பாலும் ஃபேஸ்தான் முடிவு செய்கிறது. அயனில் ஏறத்தாழ முக்கால் பங்கு, டிரைவரில் அதைவிடவும் கூட. அதன்பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது, ஃபேஸ் பார்க்கும் திசைக்கும் கிளப் போகும் வழிக்கும் உள்ள வித்தியாசத்தால் வருவது.

பந்து வலது பக்கம் கிளம்பி இன்னும் வலதுக்கே ஓடினால் ஃபேஸ் திறந்து, அதாவது வலது பக்கம் பார்த்துக் கிடக்கிறது. கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை, மாற்றுங்கள். இடது பக்கம் கிளம்பி நடுவானில் மனம் மாறி வலதுக்குத் திரும்பினால், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. மேலேயிருந்து இறங்கும்போது வலது தோள் முந்திக்கொள்வதால் வருவது இது. இரண்டும் ஸ்லைஸ்தான், வைத்தியம் வேறு வேறு. எந்த வகை என்று தெரியாமல் வீடியோ பார்ப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவது மாதிரி.

கிரிக்கெட் ஆடியவர் என்பதால் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. நேர் மட்டையில் டிரைவ் ஆடும்போது மட்டையின் முகத்தைப் பந்தின் கோட்டிலேயே கடைசி வரை பிடித்து வைக்கத்தான் பழகியிருப்பீர்கள். கோல்ஃபில் அப்படிப் பிடித்து வைத்தால் ஃபேஸ் மூடாது. முன்கைகள் தாமாகத் திரும்ப வேண்டும், பந்தைத் தாண்டியதும் வலது கை இடது கைமேல் ஏறி வர வேண்டும். கவர் டிரைவ் அழகாக ஆடிய என் நண்பர்கள் எல்லோரும் கோல்ஃபில் முதல் வருஷம் ஸ்லைஸ்தான் அடித்தார்கள்.

இதற்கு முதல் மருந்து கிரிப். அலுப்பான விஷயம்தான், யாரும் கேட்கப் பிரியப்படுவதில்லை. இடது கையை வைக்கும்போது கிளப் உள்ளங்கையில் படுத்திருக்கக் கூடாது; ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடி வரை விரல்களில் குறுக்காகக் கிடக்க வேண்டும். உள்ளங்கையின் அடிச்சதை கிளப்புக்கு மேலே உட்கார வேண்டும். மூடிவிட்டுக் குனிந்து பாருங்கள். இடது கையில் இரண்டு விரல் முட்டி, கொஞ்சம் மூன்றாவதும் தெரிய வேண்டும். ஒரு முட்டிதான் தெரிகிறது என்றால் ஸ்லைஸுக்கு அதுவே போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கோடு வலது தோளை நோக்க வேண்டும். வலது கையின் உள்ளங்கைப் பள்ளம் இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேலே போடுவதா, அதோடு பின்னிக்கொள்வதா என்பது உங்கள் கை அளவைப் பொறுத்தது. ஹாரி வார்டன் மேலே போட்டு ஆறு முறை ஓப்பன் சாம்பியன்ஷிப்பை வென்றார். ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் பின்னிக்கொள்பவர்கள்.

கிளவுஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையின் அடிச்சதைப் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் கிளப் விரலில் இல்லை, உள்ளங்கையில் இருந்துகொண்டு ஒவ்வொரு அடிக்கும் நழுவுகிறது. சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. வியர்வையில் கிரிப் ரப்பர் வழுக்கும், வழுக்கினால் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் முன்கை கட்டை மாதிரி ஆகி ஃபேஸ் திரும்பவே திரும்பாது. மாதம் ஒருமுறை கிரிப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து வையுங்கள். டிரைவர் வாங்கும் செலவில் ஆயுசுக்கும் சோப்பு வாங்கலாம்.

நிற்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்லைஸ் அடிப்பவர்கள் தம்மை அறியாமல் இடது பக்கம் திரும்பி நிற்க ஆரம்பிப்பார்கள். அப்படி நின்றால் வெட்டும் வழி இன்னும் கூடும், ஸ்லைஸும் கூடும். பாதங்களுக்கு முன்னால் ஒரு கிளப்பைக் கீழே போட்டு, தோளும் இடுப்பும் பாதமும் அதற்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலின் உள்பக்க நேருக்கு, வெட்ஜுக்கு (கிட்டத்தில் அடிக்கும் கிளப்) இரண்டு கால்களுக்கும் நடுவில், மற்ற அயன்களுக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில்.

இப்போது தரைக்கு வருகிறேன். எங்கள் கோர்ஸில், அதாவது ஆடும் மைதானத்தில், வயதான கேடி ஒருவர் இருக்கிறார். நான் அடித்ததும் பந்தை ஒரு நொடி பார்ப்பார், உடனே குனிந்து பெயர்ந்த புல்லைப் பார்ப்பார். பள்ளத்தில் விரலை வைத்து, "சார், இங்க ஆரம்பிச்சு இடது பக்கமா இழுத்திருக்கு பாருங்க" என்பார். பந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டார். பள்ளம் எந்தப் பக்கம் நோக்குகிறதோ கிட்டத்தட்ட அதுதான் கிளப் போன வழி. பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அதைவிட முக்கியம். தரையில் கிடக்கும் பந்தை அயனால் அடிக்கும்போது முதலில் பந்து, பிறகுதான் மண். "அண்ணே, எப்படிப் பழகறது?" என்று கேட்டபோது அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ஓரமாக, பழக அனுமதி உள்ள புல்லில் கோலமாவால் ஒரு முழ நீளக் கோடு போடுங்கள். கோடு இரண்டு கால்களுக்கும் நடுவில் வரும்படி நின்றுகொண்டு, பந்து இல்லாமல் அரை ஸ்விங் அடியுங்கள். கிளப் கோட்டுக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், புல்லைத் தொட வேண்டும். பின்னால் தொட்டால் எடை இன்னும் வலது காலிலேயே நிற்கிறது. ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் அரையடி நகர்ந்து நகர்ந்து கோடு முடியும் வரை போங்கள். மிச்ச மாவு எறும்புக்கு.

ரேஞ்சில் இருக்கும் பச்சை விரிப்பை நம்ப முடியாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் விரிப்பில் வழுக்கி வந்து பந்தை எடுத்துவிடும், சத்தமும் நன்றாகத்தான் கேட்கும். அதே அடி புல்லில் முப்பது கஜம் குறையும். விரிப்பில் அடித்தே ஆக வேண்டும் என்றால், பந்துக்கு ஒரு கிளப் தலை அளவு பின்னால் கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். அது நகரக் கூடாது.

டிரைவருக்கு இன்னொரு சோதனை. பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் தடிமனாக ஒரு பொட்டு வைத்து, அந்தப் பக்கம் ஃபேஸில் படும்படி டீயில் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு முளை) வையுங்கள். அடித்ததும் பொட்டு ஃபேஸில் ஒட்டியிருக்கும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கமாக, ஹீலில் பட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பந்து வலது பக்கம் வளையும். நுனிப் பக்கம் பட்டால் இடது பக்கம். டிரைவர் தலையின் எடை ஃபேஸுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் வருவது இது. "ஸ்லைஸ் ஸ்விங்" என்று மாதக்கணக்கில் வருத்தப்படுகிறவர்களில் சிலர் பந்துக்கு ஒரு அங்குலம் அதிகமாக நெருங்கி நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வெட்டும் வழிக்கு: பந்துக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் பின்னால், காலி அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். அதில் இடிக்காமல் பந்தை அடிக்க வேண்டும். தோளை அடக்கு, முழங்கையை ஒட்டு என்று மனதுக்குள் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம், பெட்டியே உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. கேப்ரியல் உல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1999ல் புதிதாகக் கோல்ஃப் பழகுபவர்களை வைத்துப் பார்த்தார்கள். கை ஆட்டத்தைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள்.

வேகம்: தேர்ந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு மேலே தூக்கும் நேரம் கீழே வரும் நேரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கி "நாலு" என்று அடித்துப் பாருங்கள். நம்மில் நிறையப் பேர் "ஒண்ணு, ரெண்டு"தான். வீட்டில் மெதுவாகப் பழகுவதும் நல்லது, பந்தே வேண்டாம். மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சீலிங் ஃபேன் உள்ள அறையில் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தெரியும்.

இனி அந்த நூறு பந்துக்கு வருவோம். ஐம்பது போதும். முதல் பதினைந்து வெட்ஜில், இடுப்பிலிருந்து இடுப்பு வரையிலான அரை ஸ்விங். அடுத்த பதினைந்து, திருத்த நினைக்கும் ஒரே ஒரு விஷயத்துக்கு. மீதி இருபதில் அடுத்தடுத்து ஒரே கிளப்பை எடுக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த கோர்ஸை மனதில் ஓட்டுங்கள்: முதல் ஹோலுக்கு டிரைவர், பந்து போன இடத்தைப் பொறுத்து 7 அயன், பிறகு வெட்ஜ். ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று, இலக்கைப் பார்த்துவிட்டு வந்து அடியுங்கள். இப்படி மாற்றி மாற்றிப் பழகினால் ரேஞ்சில் மோசமாகத்தான் தெரியும். 1979ல் ஷேயும் மார்கனும் செய்த புகழ்பெற்ற சோதனையில் அப்படித்தான் நடந்தது. கைவேலை ஒன்றைத் தொடர்ச்சியாகப் பழகியவர்கள் பழகும்போது முந்தினார்கள். பிறகு வைத்த தேர்வில் கலந்து பழகியவர்களே முந்தினார்கள். கோர்ஸில் ஒரே இடத்திலிருந்து ஒரே அடியை யாரும் இரண்டு தடவை தருவதில்லை. வெயில் ஏறும் முன் போங்கள், இடுப்பையும் தோளையும் சூடாக்காமல் டிரைவரைத் தொடாதீர்கள்.

ஒரு புரோவிடம் (தொழில்முறைப் பயிற்சியாளர்) கிரிப்புக்கும் நிற்பதற்கும் ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பணம் வீண் போகாது. அதன் பிறகு வாட்ஸாப் குழுவில் யார் வீடியோ அனுப்பினாலும் நன்றி சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

டிரைவர் விஷயம். உங்கள் டிரைவரின் அடியில் 9 டிகிரி என்று எழுதியிருந்தால், 10.5 அல்லது 12 டிகிரி உள்ள ஒன்றை நண்பரிடம் வாங்கி அடித்துப் பாருங்கள். அந்த டிகிரிதான் லாஃப்ட், ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. லாஃப்ட் கூடினால் வளைவு குறையும். அதனால்தான் உங்கள் அயன் சுமாராகவாவது நேரே போகிறது. தலையைத் திருகி லாஃப்ட் மாற்றும் வகை என்றால் அந்தச் செலவும் இல்லை. முதல் மூன்று வாரம் அதைக்கூடத் தொடாமல் வெட்ஜும் 7 அயனும் மட்டும் எடுத்துப் போங்கள்.

புதுக் கிரிப் கையில் அன்னியமாகத்தான் இருக்கும், சில பந்துகள் இடது பக்கம் வெட்டிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய பிடிக்குப் போய்விடாதீர்கள். ஃபேஸ் மூட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் இடது பக்கமே வளைந்துகொண்டிருந்தால், இடது கையை அரை முட்டி அளவு பழைய பக்கம் திருப்புங்கள். அப்போது வேறெதையும் மாற்றாதீர்கள்.