அஞ்சைனா என்டா தொண்டை நோவா, நெஞ்சு வருத்தமா?

கேள்வி: டொக்டர், நாங்க வெள்ளவத்தையில இருக்கிறம். அப்பாவுக்கு 63 வயசு, சீனியும் பிரஷரும் இருக்கு. போன கிழமை கிளினிக் கொப்பியில அஞ்சைனா என்டு எழுதி, நாக்குக்கு கீழ வைக்கிற குளிசையும் தந்தவங்க. சூரிச்ல இருக்கிற அண்ணா சொல்றார் அது தொண்டை நோவுதானாம், அவர்ட மகனுக்கும் வந்து அன்டிபயோட்டிக்ல சுகமாகிட்டுதாம். எது சரி?

பதில்: தங்கச்சி, முதல்ல அப்பாவுக்கு தந்த மருந்து ஒண்டையும் நிப்பாட்டாதீங்க. கொப்பியில இருக்கிறது இதயத்துக்கு ரத்தம் போதாம வாற நெஞ்சு வருத்தம். ஆனா அண்ணா சொல்றதும் பொய் இல்ல, ஜெர்மன் கதைக்கிற இடங்கள்ல சும்மா அங்கினா என்டா டொன்சில் வீங்கி தொண்டை நோகிறதத்தான் சொல்லுவாங்க. சொல்லு ஒண்டு, வருத்தம் ரெண்டு.

லத்தீன்ல அங்கெரே என்டா நெரிக்கிறது, இறுக்கிறது. இங்கிலிஷ்ல அங்ஸைட்டி என்ட சொல்லும் அந்த வேர்தான். அந்தக் காலத்தில தொண்டை வீங்கி மூச்சடைக்கிற வருத்தத்துக்குத்தான் அஞ்சைனா என்டு பேர், இப்பவும் பல்லில தொடங்கி நாடிக்கு கீழ வீங்குற ஒரு மோசமான தொற்ற நாங்க லுட்விக்ஸ் அஞ்சைனா என்டு சொல்றம், அதுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்ல. 1768ல வில்லியம் ஹெபர்டன் என்ட டொக்டர் லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் பிசிசியன்ஸ்ல ஒரு கட்டுரை வாசிச்சார், 1772ல அது அச்சில வந்தது. நடக்கேக்க, அதுவும் மேட்டில ஏறேக்க, சாப்பிட்ட கையோட நடக்கேக்க நெஞ்சில வருது, நின்டா போயிடுது என்டு எழுதி, அந்த நெரிக்கிற உணர்வுக்காகவே அஞ்சைனா பெக்டோரிஸ் என்டு பேர் வச்சார். பெக்டோரிஸ் என்டா நெஞ்சினுடைய. இதயத்து ரத்தக்குழாய் ஒடுங்குறதுதான் காரணம் என்டு அவர் கண்டுபிடிக்கேல்ல, ஆக்கள் சொன்னத பொறுமையா கேட்டே இவ்வளவையும் எழுதி வச்சிட்டு போயிட்டார், அதில எனக்கு சரியான மரியாதை. பிறகு இங்கிலிஷ்ல பெக்டோரிஸ விட்டுட்டு வெறும் அஞ்சைனா என்டே சொல்லிப் பழகிட்டம், உங்கட வீட்டுக் குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

நெரிக்கிறது என்ட அர்த்தத்த ஞாபகம் வச்சிருங்க. கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு ஐயா வாறவர், நெஞ்சு நோகுதா என்டு கேட்டா ஒவ்வொரு தரமும் இல்லை என்டுதான் சொல்லுவார். ஒருநாள் மாடிப்படி ஏறேக்க எப்பிடி இருக்கும் என்டு கேட்டன், வாயால ஒண்டும் சொல்லாம கைய முஷ்டியா பொத்தி நடு நெஞ்சில வச்சு அழுத்திக் காட்டினார். நோ என்டு கேட்டா இல்லைதான், இறுக்கம் என்டு கேட்டிருந்தா முதல் நாளே ஓம் என்டிருப்பார், பிழை கேட்ட என்னிலதான். எங்கட ஆக்கள் நெஞ்சடைப்பு என்ட சொல்ல ஹார்ட் அட்டாக்குக்கு என்டே ஒதுக்கி வச்சிட்டதால, அடைக்கிற மாதிரி இருக்கு என்டு சொல்லவே பயந்து, காஸ்ட்ரைட்டிஸ் என்டு சொல்லி சோடா குடிச்சிட்டு இருக்கிறாங்க, இது எனக்கு பெரிய கவலை.

அதால அப்பாவிட்ட நோகுதா என்டு கேக்காதீங்க, இறுக்குதா, பாரம் வச்ச மாதிரி இருக்கா, தாடைக்கு இல்லாட்டி இடது கைக்கு ஓடுதா, மத்தியானம் சாப்பிட்டுட்டு படி ஏறினா மூச்சு வாங்குதா என்டு கேளுங்க. சீனி இருக்கிற ஆக்களுக்கு சிலநேரம் மூச்சுத் திணறலும் வேர்வையும் மட்டும்தான் வரும்.

குளிசைய வந்த கண்ணாடிப் போத்தல்லயே வச்சிருங்க, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தினா சத்து போயிடும். இறுக்கம் வந்தா உடனே இருத்தி, ஒண்ட நாக்குக்கு கீழ வைங்க, விழுங்கக் கூடாது. 5 நிமிஷத்தில குறையாட்டி அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிங்க, த்ரீவீல் தேடி கோல் ரோட்டுக்கு ஓட வேணாம். சும்மா இருக்கேக்க வந்தாலும், முந்தியவிட அடிக்கடி வந்தாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்திருக்காம அண்டைக்கே ஹொஸ்பிடல் கொண்டு போங்க.

அண்ணாவுக்கு கோல் எடுத்தா அஞ்சைனா பெக்டோரிஸ் என்டு முழுசா சொல்லுங்க, அவர் அங்க எந்த டொக்டர்ட்ட கேட்டாலும் உடனே விளங்கும்.