மெயின்பிரேம் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பி.சி.ஏ. முடித்த தங்கள் மகள் மெயின்பிரேம் எனும் பெருங்கணினிப் பயிற்சிக்காகப் பெங்களூரு செல்ல விரும்புவதாகவும், அது பழங்காலப் படிப்பு என்று உறவினர்கள் தடுப்பதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360இன் வழிவந்த இயந்திரங்களில்தான் பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றின் கணக்குகள் இன்றும் ஓடுகின்றன. பழையது என்பதற்காக மட்டும் தயங்க வேண்டாம். எனக்குள்ள கவலை வேறு. கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைத்து, தரவு உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காட்டாமலே சான்றிதழ் கொடுக்கும் வகுப்பில் தங்கள் சேமிப்பு கரைந்துவிடக் கூடாது.

ஆகவே, மாதிரி வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நீளம் மாறும் ரெக்கார்டுகள் பிளாக்கில் எப்படி எழுதப்படுகின்றன? (ரெக்கார்டு என்பது ஒரு கணக்கின் விவரம் போன்ற தனிப் பதிவு; பிளாக் என்பது ஒன்றாகச் சேர்த்து எழுதப்படும் பதிவுகளின் தொகுதி.) நல்ல ஆசிரியர் உடனே பலகையில் வரைந்து காட்டுவார். ஒவ்வொரு ரெக்கார்டின் முன்னாலும் ஆர்.டி.டபிள்யூ. (ரெக்கார்டு டிஸ்கிரிப்டர் வேர்டு) எனப்படும் 4 பைட் இருக்கும். அதன் முதல் 2 பைட்டில், அந்த 4 பைட்டையும் சேர்த்த நீளம் பதிவாகும். பிளாக்கின் தலைப்பிலும் பி.டி.டபிள்யூ. (பிளாக் டிஸ்கிரிப்டர் வேர்டு) என்று இன்னொரு 4 பைட் உண்டு. 40, 65, 20 பைட் தரவுள்ள மூன்று ரெக்கார்டுகள் 44, 69, 24 என்றாகி, பிளாக்கின் 4 பைட்டும் சேர்ந்து மொத்தம் 141 ஆகும். மீதமுள்ள இடத்தில் அடுத்த ரெக்கார்டு அடங்காவிட்டால், விபி எனும் கோப்பு வகையில் அது முழுதாக அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். விபிஎஸ் எனும் மற்றொரு வகையில் துண்டுகளாகப் பிரிந்து பல பிளாக்குகளில் பரவலாம், அப்போது அது முதல் துண்டா, நடுத்துண்டா, கடைசித் துண்டா என்பதை ஒவ்வொரு துண்டின் முன்னுள்ள 4 பைட்டில் மூன்றாவது பைட் தெரிவிக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கோபோல் என்ற நிரல்மொழியில் அதிகபட்சம் 80 பைட் என்று எழுதிய ரெக்கார்டுக்கு, நிரலை இயக்கச் சொல்லும் ஜேசிஎல் கட்டளைகளில், ரெக்கார்டு நீளத்தைக் குறிக்கும் எல்ரெக்எல் 84 என்று கொடுக்க வேண்டும். சார்ட் செய்யும்போதும், அதாவது வரிசைப்படுத்தும்போதும், முதல் 4 இடங்கள் ஆர்.டி.டபிள்யூ.வுக்குப் போவதால் தரவு 5ஆம் இடத்தில்தான் தொடங்குகிறது. அறியாமல் 1ஆம் இடத்தைக் கொடுத்தால், பெயர் வரிசைக்குப் பதிலாக ரெக்கார்டுகள் நீள வரிசையில் வந்து நிற்கும். நேர்முகத் தேர்வில் இத்தகைய இடத்தில்தான் புரிந்து படித்தவர் தனித்துத் தெரிவார்.

ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் தளத்தில் கட்டணமின்றிப் பயிலலாம். முதலில் வீட்டிலிருந்தபடியே அதைப் படிக்கட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், பெங்களூரில் விடுதி எடுப்பதா, ஓசூரில் தங்கிப் போய்வருவதா என்பதைப் பேசி முடிவு செய்யலாம்.