வெயில் அம்மாவின் வயதைக் கூட்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறார். கடும் வெயில் முதியவர்களின் உடலைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும் என்று படித்ததிலிருந்து கலக்கமாக இருக்கிறது. உயிரியல் வயதைக் கணக்கிடும் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் என்ன எண் வந்தாலும், அம்மாவுக்காக நீங்கள் செய்ய வேண்டியவை மாறப்போவதில்லை.

நீங்கள் படித்தது 2025-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். 56 வயதும் அதற்கு மேலும் ஆன 3,600-க்கும் அதிகமானோரின் ரத்தத்தில், டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளை அதில் ஆராய்ந்தார்கள். எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற இவற்றின் அமைப்பு மாறும். அதை வைத்து, உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று கணக்கிடுவதே உயிரியல் வயது. வெப்பக் குறியீடு சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் ஆண்டில் பாதி இருக்கும் இடங்களில் வாழ்ந்தவர்களின் உயிரியல் வயது, அப்படிப்பட்ட நாட்கள் 10-க்கும் குறைவான இடங்களில் வாழ்ந்தவர்களுடையதைவிட 14 மாதங்கள் வரை கூடுதலாக இருந்தது. இது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் அம்மாவின் கணக்கு அல்ல.

வெப்பக் குறியீடு என்பது வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பது. முதியவர்களுக்கு இதுதான் முக்கியம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். அவர்களுக்கு வியர்ப்பதே குறைவு, காற்றும் ஈரமாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் எளிதில் ஆவியாகாது. ஆகவே நீங்களே தோலை நனைத்துவிடுங்கள். முகம், கை, காலில் தண்ணீர் தெளித்து மின்விசிறியைப் போடுங்கள். அறை 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி சூட்டைத்தான் உடலில் ஏற்றும். அப்போது குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போவதே சரி. அறைக்குள் ஒரு வெப்பமானி மாட்டுங்கள்: பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது. இரவின் புழுக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், பகலில் பட்ட பாட்டிலிருந்து உடல் மீள்வது அப்போதுதான்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த உணர்வு வயதானால் மங்கும். அதற்காகக் குடம் குடமாகவும் கொடுக்காதீர்கள். இந்த மாத்திரையோடு வெறும் தண்ணீர் மிகுந்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து இறங்கி, மனக்குழப்பம் வரலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஓரிரு நாளில் 1 கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவரைக் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெயில் காலத்துக்கு அளவை மாற்றலாமா என்று இப்போதே கேட்டு வைப்பது இன்னும் நல்லது.

உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.