பழைய வால்வு கிட்டார் அம்பிளிபயரின் இரண்டு பின் வயரை மூன்று பின்னாக மாற்றலாமா?

மாற்றலாம் என்ன, மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது பின்தான் எர்த், கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் வயர் மாற்றுவது பாதி வேலைதான்.

பெரியப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டி, 230 வோல்ட்டை 110 ஆக்கும் ஸ்டெப் டவுனில் ஓடுகிறது, கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் கரண்ட் அடிக்கிறது, பிளக்கைத் திருப்பிச் செருகினால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது "பழைய சாமான் என்றால் அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மட்டக்களப்பில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடலோர டச்பார் பகுதியில் இருந்த, ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் பெரியவர் ஒருவர் இப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்தார். பைலாப் பாட்டுக்கு வாசிப்பவர். 2004 சுனாமியின்போது பெட்டி ஊருக்குள் உறவினர் வீட்டில் கிடந்ததால் தப்பியதாம். "என் கல்யாணத்துக்கு முதலே கடிக்கத் தொடங்கிவிட்டது, மகன். பழகிவிட்டது" என்றார்.

பின்பலகையைக் கழற்றினால் சுவிட்சுக்குப் பக்கத்தில் பல்லி முட்டை. அதன் அருகே, ஒரு நுனி வெடித்து மெழுகு வழிந்த பழுப்புக் கண்டென்சர். மின்வயர் ஒன்றுக்கும் சேசிஸுக்கும் (உள்ளே எல்லாம் பூட்டியிருக்கும் உலோகச் சட்டம்) நடுவே இரைச்சலைக் குறைக்க அந்தக் காலத்தில் போட்டது, பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அது நன்றாக இருந்தாலே கொஞ்சம் கரண்ட் கசியும். ஷோர்ட் ஆனால் முழு மின்னழுத்தமும் சேசிஸுக்கு வந்து, கிட்டார் வயர் வழியாகக் கம்பிகளில் நிற்கும். அதை வெட்டி எறிந்தேன். அதே பெறுமதியில் புதிதாகப் போடக் கூடாது. மூன்று பின் வந்தபின் அதற்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்தது ஸ்டெப் டவுன். மலிவான ஸ்டெப் டவுன்கள் பலவற்றில் ஒரே கம்பிச் சுற்றுத்தான். உள்ளே போகும் வயர் ஒன்று அப்படியே வெளியேயும் வருகிறது. பிளக் திரும்பினால் அந்த வயர் 230 வோல்ட்டில் நிற்கும், நீங்கள் 110 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். எர்த் துளையும் பலவற்றில் இருக்காது. அதனால் அவருக்கு இரண்டு சுற்றும் தனித்தனியான ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றுவித்து, எர்த்தை உள்ளே வந்தபடியே வெளியேயும் கொண்டுபோனேன்.

பச்சை மஞ்சள் வயரைச் சேசிஸில் தனித் துளையிட்டுத் தனி போல்ட்டில் இறுக்கினேன், மற்ற இரண்டையும்விட நீளமாக விட்டு. யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் அறவேண்டும். லைவ் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு ட்ரான்ஸ்ஃபோமர். நியூட்ரல் நேராக. நிறத்தில் கவனம்: அமெரிக்க வயரில் கறுப்புத்தான் லைவ், நமது பழைய வீடுகளில் கறுப்பு நியூட்ரல்.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றினால் போதாது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வையுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மின் ட்ரான்ஸ்ஃபோமரே இல்லாத சிறிய அம்பிளிபயர்களும் உண்டு. உங்களுடையது அதுவென்றால் மேலே சொன்னது போதாது, இரண்டு சுற்றும் தனித்தனியான, தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம்.

"பழமையின் மதிப்புப் போய்விடும்" என்று எழுதச் சிலர் வருவார்கள். பழைய வயரைப் பையில் போட்டு உள்ளேயே வையுங்கள், விற்கும்போது கொடுக்கலாம். நான் பொறியியல் படித்தவன் அல்லன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.

இத்தனையும் செய்து கொடுத்த பெட்டியை ஒரு மண்டபத்தில் பார்த்தேன். இரைச்சல் வருகிறதென்று ஒலிபெருக்கிக்காரப் பையன் எர்த் வயரைக் கழற்றி டேப் சுற்றியிருந்தான். பக்கத்துச் சொக்கெட்டில் இரண்டு பின் பிளக்கைச் செருக, எர்த் துளைக்குள் பேனா மூடி. கேட்டால், "எல்லா இடமும் இப்படித்தான் அண்ணா" என்கிறான். இவர்கள்தான் கடைக்கு வந்து, ஒரு வயர் மாற்ற இவ்வளவு காசா என்று பேரம் பேசுகிறார்கள். கையில் இருக்கும் போன் லட்சத்துக்கு மேல். அதன் கண்ணாடி உடைந்தால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். என் கூலிக்கு மட்டும் "அடுத்த மாதம் பார்ப்போம் அண்ணா".